டுபாயின் பழைய நகர்: முருகைக்கல்லும் ஈச்சோலையும்

டுபாய் நகரை இரு கூறாகப் பிரித்துக்கொண்டு உள்நாடு நோக்கி வளைந்து செல்லும் கடற்கழியை அரபு மக்கள் 'கோர்' என்பர். அதன் தென்மேற்குக் கரையிலே, பழைய கோட்டைக்கு அண்மையில், சிறியதொரு குடியிருப்பு உள்ளது. இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி வழிவிடவேண்டிய ஒடுங்கிய சந்துகள். தெருப்பக்கம் சாளரம் அதிகமில்லாத தடித்த மண்ணிறச் சுவர்கள். கூரைகளுக்கு மேலாக உயர்ந்து நிற்கும் சதுரக் கோபுரங்கள். நெடுங்காலமாகப் பஸ்தகியா என வழங்கிய இப்பகுதி இன்று அல் பஹீதி வரலாற்றுக் குடியிருப்பு என அழைக்கப்படுகின்றது. 2010ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட, 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீபாவைப் பார்த்துத் திரும்பும் பயணி, அதே நாளில் இச்சந்துகளிலும் நடந்து, எண்ணெய்க்கு முற்பட்ட டுபாயைக் கண்டுவிட்ட மனநிறைவுடன் செல்கின்றான்.

அவ்வெண்ணம் முற்றிலும் தவறானதன்று. ஆயின் அது முழு உண்மையுமன்று. எஞ்சியிருப்பது பழைய நகரம் அன்று; பழைய நகரத்தில் வாழ்ந்த ஒரு வகுப்பாரின் வீடுகளே எஞ்சியுள்ளன. முருகைக்கல்லாற் கட்டியவை நின்றன. ஈச்சோலையாற் கட்டியவை அழிந்தன. கட்டடப் பொருளின் உறுதி வேறுபாடு, காலப்போக்கிலே, எவருடைய வரலாறு நினைக்கப்படும், எவருடையது மறக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் வேறுபாடாக மாறிவிட்டது. பழைமை பேணல் என்பது எந்நாட்டிலும் பெருமையோடு பேசப்படும் இக்காலத்தில், இவ்வுண்மையை ஒரு நகரத்தை முன்வைத்து ஆராய்வது பயனுடையது.

வளைகுடாவின் தென்கரை வரலாற்றிலே 1833ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டில் பனீ யாஸ் குலத்தின் ஆல் பூ பலாஸா கிளையினர், ஏறத்தாழ எண்ணூறு பேர், அபுதாபி ஆட்சியாளருடன் பிணக்குற்று, மக்தூம் பின் புத்தி, உபைத் பின் சயீத் ஆகிய இருவரின் தலைமையில் டுபாய்க்குப் பெயர்ந்தனர். ஊர் அதற்கு முன்னரும் இருந்தது. அல் பஹீதி கோட்டை 1787ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்டதென்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. ஊரைச் சூழ்ந்திருந்த மதிலின் அடிப்பகுதி ஒரு துண்டு இன்றும் காணக்கூடியதாக உள்ளது. எனினும் டுபாய் ஒரு தனி ஆட்சிப்பகுதியாக உருப்பெற்றது 1833இன் பின்னரே. 1820ஆம் ஆண்டின் பொது உடன்படிக்கை, 1853ஆம் ஆண்டின் நிரந்தரக் கடற்சமாதான உடன்படிக்கை, 1892ஆம் ஆண்டின் தனியுரிமை உடன்படிக்கை என்பவற்றின் வழியாக இக்கரை முழுவதும் படிப்படியாகப் பிரித்தானியரின் செல்வாக்குக்குள் வந்தது. கடலிலே போர் தடுக்கப்பட்டமையால் முத்துக்குளிப்பும் வணிகமும் பெருகின. அவ்வமைதி எவருடைய நலனுக்காக நிலைநாட்டப்பட்டது என்பது வேறு வினா. இந்தியாவுக்கான கடல்வழியைக் காப்பதே பிரித்தானியரின் முதல் நோக்கம் என்பதில் ஐயமில்லை.

பஸ்தகியா இந்த ஆரம்பக் குடியேற்றத்தைச் சேர்ந்ததன்று. பயணிகளுக்கு அது பாலைவன அரபியரின் தொன்மையான வாழ்விடமாகத் தோன்றலாம். உண்மையில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எதிர்க்கரையிலிருந்து வந்து குடியேறிய வணிகரின் ஆக்கமாகும். அவர்களது வருகைக்குக் காரணமாயிருந்தது ஒரு சுங்கத் தீர்வை.

வளைகுடாவின் வடகரையில் உள்ள லிங்கே அக்காலத்தில் பெருந்துறைமுகம். காசிமி அரபுத் தலைவர்களே அதனை நெடுங்காலம் ஆண்டனர். 1887ஆம் ஆண்டிலே பாரசீக அரசு அவர்களை அகற்றி அத்துறைமுகத்தைத் தன் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தது. 1900ஆம் ஆண்டையொட்டித் தென் பாரசீகத் துறைமுகங்களின் சுங்க நிருவாகம் பெல்ஜிய அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கடனில் மூழ்கியிருந்த பாரசீக அரசுக்கு வருவாய் வேண்டும். பெல்ஜியர் ஒழுங்காகவும் கண்டிப்பாகவும் தீர்வை அறவிட்டனர். முன்னர் பேரம்பேசிக் குறைத்துக்கொள்ளக்கூடியதாயிருந்த தீர்வை, இப்போது தப்பமுடியாததாயிற்று. அதே வேளையிலே டுபாயில் ஆட்சி செய்த ஷேக் மக்தூம் பின் ஹஷர் (1894–1906), வெளிநாட்டு வணிகர்க்குத் தீர்வை விலக்களித்து அவர்களை வரவேற்றார். லிங்கேயின் வணிகம் கடல் கடந்தது. பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனியின் கப்பல்களும் இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில் டுபாயைத் தம் ஒழுங்கான தங்குதுறைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டன.

இவ்வாறு வந்தோருட் பலர் பாரசீகத்தின் தென்பகுதியிலுள்ள பஸ்தக் என்னும் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சுன்னி முஸ்லிம்கள். கோட்டைக்குக் கிழக்கே கழிக்கரையில் அவர்களுக்கு நிலம் கிடைத்தது. ஊரின் பெயரே குடியிருப்பின் பெயராயிற்று. தொடக்கத்திலே இவ்வணிகர் இரு கரைகளிலும் காலூன்றியே வாழ்ந்தனர். நிலைமை சீரானதும் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் இருந்தது. நிலைமை சீராகவில்லை. 1920களிலும் 1930களிலும் றேஸா ஷா மேற்கொண்ட மையப்படுத்தலும், 1936ஆம் ஆண்டிலே பெண்களின் முகத்திரையை விலக்குமாறு பிறப்பித்த கட்டளையும் மேலும் பல குடும்பங்களை இக்கரைக்குத் தள்ளின. திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டவனே கல்வீடு கட்டுகின்றான். பஸ்தகியாவின் வீடுகள் அக்கைவிடலின் சான்றுகள் எனலாம்.

இவ்வீடுகளின் அமைப்பு விரிவாக நோக்கத்தக்கது. கடலிலிருந்து வெட்டியெடுத்த முருகைக்கல்லை உப்பு நீங்கும்வரை உலரவிட்டுச் சாந்துகொண்டு அடுக்கிச் சுவர் எழுப்பினர். முருகைக்கல் துளைகள் நிறைந்தது, பாரம் குறைந்தது, வெப்பத்தை எளிதில் உட்செலுத்தாதது. மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களிற் பழைய வீடுகளைக் கண்டோர்க்கு இக்கல் புதியதன்று. கூரைக்கும் தளத்துக்கும் வேண்டிய மரம் அக்கரையில் இல்லை. கிழக்காபிரிக்காவின் சதுப்புக் காடுகளிலிருந்து கண்டற் கம்புகளைப் பாய்க்கப்பல்களில் ஏற்றிவந்தனர். கம்பின் நீளம் எவ்வளவோ அவ்வளவே அறையின் அகலம். ஆகவே மூன்று, மூன்றரை மீற்றருக்கு மேற்பட்ட அகலமுள்ள அறைகள் அருகியே காணப்படும். செல்வம் எவ்வளவு இருந்தாலும் வணிகனின் அறை அகலத்தை ஆபிரிக்கக் கண்டல் மரமே தீர்மானித்தது. கதவுகளுக்கான தேக்கு இந்தியாவிலிருந்து வந்தது. உள்ளூரிற் கிடைத்தவை கல்லும் சாந்தும் பேரீச்சையுமே.

வீட்டின் நடுவே திறந்த முற்றம். வாயிலுக்கு அருகில் ஆண் விருந்தினரை வரவேற்கும் மஜ்லிஸ். பெண்களின் புழக்கத்துக்குரிய அறைகள் உள்ளே. வாயிலில் நிற்பவன் முற்றத்தைப் பார்க்காதவாறு வழி திரும்பிச் செல்லும். இவையெல்லாவற்றிலும் புகழ்பெற்றது காற்றுக்கோபுரம். அரபு மொழியில் 'பர்ஜீல்' என்றும் பாரசீகத்தில் 'பாத்கீர்' என்றும் வழங்கும் இக்கோபுரம் நான்கு பக்கமும் திறந்தது. உள்ளே மூலைக்கு மூலை குறுக்குச் சுவர் இட்டு நான்கு குழல்களாகப் பிரிக்கப்பட்டது. காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் அத்திசைக் குழல் அதனை வாங்கிக் கீழறைக்கு இறக்கும். எதிர்த்திசைக் குழல் அறையின் வெப்பக் காற்றை மேலே உறிஞ்சும். கோபுரத்தின் அடியிலே படுத்திருப்போன்மீது வெளியில் உணரமுடியாத காற்றும் விசையுடன் வந்து விழும். சந்துகளும் கழிக்காற்றை உள்ளே இட்டுச்செல்லும் வகையில் அமைந்தன. ஆன் கோல்ஸ், பீற்றர் ஜாக்சன் என்னும் இருவர் 1970களில் இவ்வீடுகளை அளந்து வரைந்து பதிவுசெய்தனர். 1975இல் ஒரு வீட்டைப் பற்றியும், 2007இற் காற்றுக்கோபுரங்களைப் பற்றி விரிவாகவும் அவர்கள் எழுதியவை இத்துறையில் அடிப்படையானவை.

எதிர்க்கரையிலிருந்து வந்த இக்கோபுரமே பின்னாளில் டுபாயின் தனித்துவச் சின்னமாயிற்று. குளிரூட்டி பொருத்திய உல்லாச விடுதிகளின் உச்சியிலும் இன்று காற்றுக்கோபுர வடிவங்கள் நிற்கின்றன. அவற்றுட் பலவற்றினூடாகக் காற்று இறங்குவதில்லை.

இனி, இவ்வீடுகளுக்கு அப்பாலிருந்த ஊரை நோக்க வேண்டும். பிரித்தானிய இந்திய அரசின் அலுவலராகிய லொறிமர் தொகுத்து 1908ஆம் ஆண்டு வெளிவந்த வளைகுடா விவரக்கோவை, டுபாயின் மக்கட்டொகையை ஏறத்தாழப் பதினாயிரம் என மதிப்பிடுகின்றது. கழியின் வடகிழக்குக் கரையிலிருந்த தெய்ராவே பெரிய பகுதி. அங்கு ஏறத்தாழ 1,600 வீடுகளும் 350 கடைகளும் இருந்தன. கழியின் வாயில் அருகே ஷிந்தகாவில் ஆட்சியாளர் குடும்பம் வாழ்ந்தது; 1896ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட அவர்களின் இல்லம் இன்றும் உள்ளது. பஸ்தகியாவோ முழு வளர்ச்சியடைந்த காலத்திலும் ஏறத்தாழ அறுபது வீடுகளைக் கொண்ட குடியிருப்பே. மக்களுட் பெரும்பாலோர் வாழ்ந்தது 'பரஸ்தி', 'அரீஷ்' எனப்பட்ட ஓலைவீடுகளில். பேரீச்ச மட்டைகளை நிரையாக நிறுத்திக் கயிற்றாற் பிணைத்து, மேலே ஓலைவேய்ந்து அவை அமைக்கப்பட்டன. மட்டைகளின் இடைவெளியூடாகக் காற்றுப் புகும். கோடையில் அவை கல்வீட்டிலும் வசதியானவை என்பாருமுளர். செல்வரும் கோடையிலே பேரீச்சந் தோட்டங்களுக்குச் சென்று ஓலைவீடுகளில் தங்குவதுண்டு. செல்வருக்கு அது கோடை வாசம். ஏனையோர்க்கு ஆண்டு முழுவதும் அதுவே வீடு. தீப்பொறி ஒன்று விழுந்தால் ஒரு நிரை முழுவதும் சாம்பலாகும்.

அவ்வோலைவீடுகளில் வாழ்ந்தோர் யாவர்? மீனவர், சுமை தூக்குவோர், படகு கட்டுவோர், யாவரினும் மேலாக முத்துக்குளிப்போர். லொறிமரின் காலத்தில் இக்கரையோர ஆட்சிப்பகுதிகளிலிருந்து மொத்தம் 1,200க்கு மேற்பட்ட படகுகளும் ஏறத்தாழ 22,000 பேரும் முத்துக்குளிப்புக்குச் சென்றனர். யூன் முதல் செப்ரெம்பர் வரையான கோடையில் ஊரின் ஆண்களுட் பெரும்பகுதியினர் கடலிலேயே இருப்பர். மூக்கை இறுக்கும் கவ்வி, காலிற் கட்டிய கல், கழுத்திற் கூடை என்பனவே குளிகாரனின் கருவிகள். படகிலிருந்து கயிறு இழுப்பவன் கையில் அவன் உயிர் இருந்தது.

தொழிலின் பொருளாதாரமே இங்கு முக்கியமானது. வணிகன் படகுத் தலைவனாகிய நாகுதாவுக்கு முன்பணம் கொடுப்பான். தமிழ்க் கரையோர முஸ்லிம்களிடையேயும் வழங்கிய அதே 'நாகுதா' என்னும் சொல்தான் இது. நாகுதா குளிகாரனுக்கும் கயிறிழுப்போனுக்கும் முன்பணம் கொடுப்பான். அதைக்கொண்டு அவர்கள் குடும்பத்துக்கு அரிசியும் பேரீச்சம்பழமும் துணியும் வாங்கி வைத்துவிட்டுக் கடலேறுவர். பருவ முடிவில் முத்துகள் விற்கப்பட்டு, உணவுச் செலவு முதலியன கழிக்கப்பட்டபின், எஞ்சியது பங்கிடப்படும். குளிகாரனுக்கு மூன்று பங்கெனின் கயிறிழுப்போனுக்கு இரண்டு என்பது பரவலாக இருந்த விகிதம். பங்கு முன்பணத்தை ஈடுசெய்யாவிடின் குறை கடனாக நிற்கும். அடுத்த பருவமும் அதே நாகுதாவுக்கே உழைக்க வேண்டும். கணக்கேடு நாகுதாவிடமும் வணிகனிடமும் இருந்தது; எழுத்தறியாத குளிகாரனிடம் இருக்கவில்லை. தந்தையின் கடன் மகனைத் தொடர்ந்ததும் உண்டு. கடனிலிருந்து தப்பி அயல் ஊருக்கு ஓடுவதே அவனுக்கிருந்த ஒரே வழி. 1879ஆம் ஆண்டிலே அவ்வழியும் அடைக்கப்பட்டது. அவ்வாண்டிற் கரையோர ஆட்சியாளர் யாவரும், தம்மிடம் ஓடிவந்த கடனாளிகளை அடைக்கலம் கொடாது திருப்பியொப்படைப்பதெனப் பிரித்தானிய அதிகாரியின் முன்னிலையில் உடன்பட்டனர். கடற்போரை நிறுத்திய உடன்படிக்கைகளை வரலாற்று நூல்கள் எடுத்தோதுகின்றன; குளிகாரனின் வாழ்வை இவ்வுடன்படிக்கையே கூடுதலாகத் தொட்டது.

இலங்கையின் மன்னார்ச் சலாபத்தோடு இதனை ஒப்பிடுதல் வேண்டும். ஏனெனில் இரண்டுக்குமிடையே நேரான தொடர்பு உண்டு. 1903 முதல் 1907 வரை மறிச்சுக்கட்டிக் கரையில் நடந்த சலாபங்களுக்கு வளைகுடாவிலிருந்தும் அரபுக் குளிகாரர் வந்தனர். இங்கு முத்துப்பார்கள் அரசின் உடைமை. குளித்தெடுத்த சிப்பிகள் கரைக்கு வந்ததும் மூன்று பங்காக்கப்பட்டு, ஒரு பங்கு அன்றே குளிகாரர் கையிற் கொடுக்கப்படும். எஞ்சிய இரு பங்கையும் அரசு ஏலத்தில் விற்கும். வளைகுடாவிலோ பார்கள் எவருக்கும் தனியுடைமையல்ல. கரையோர அரபியர் அனைவருக்கும் பொது. பொதுவுடைமையான கடலிலே உழைத்தவன் பரம்பரைக் கடனாளியாகவும், முடிக்குரிய கடலிலே குளித்தவன் அன்றன்றே கைப்பங்கு பெறுபவனாகவும் இருந்தமை கருத்தூன்றி நோக்கற்பாலது. கடல் யாருடையது என்பதினும் முன்பணம் யாருடையது என்பதே இங்கு முடிவாயிற்று. இதனாலே மன்னார் முறை நீதியானதென்று கொள்ளவேண்டியதில்லை. 1906ஆம் ஆண்டிலே இலங்கை அரசு அப்பார்களைக் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டது. அடுத்த ஆண்டோடு குளிப்பே நின்றுபோயிற்று.

கடனாளிகளோடு அடிமைகளும் அப்படகுகளில் இருந்தனர். கிழக்காபிரிக்காவிலிருந்தும் பின்னர் பலூசிஸ்தானிலிருந்தும் கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் உரிமையாளருக்காகக் குளித்தனர். அவர்களின் பங்கு உரிமையாளரைச் சேர்ந்தது. வளைகுடா அடிமைமுறையை வீட்டுப்பணி சார்ந்த ஒரு மெல்லிய வழக்கமாகவே பலர் எழுதிவந்தனர். மத்தியூ ஹொப்பர் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மறுத்து, உலகச் சந்தையில் முத்துக்கும் பேரீச்சம்பழத்துக்கும் பெருகிய கேள்வியே அடிமை உழைப்புக்கான தேவையை வளர்த்தது எனக் காட்டுகின்றது. பாரிசிலும் நியூயோர்க்கிலும் செல்வச் சீமாட்டியரின் கழுத்தை அலங்கரித்த முத்துமாலையின் மறுமுனை இப்படகுகளில் இருந்தது. அந்த முத்தின் ஊதியமே கண்டற் கம்பும் தேக்குக் கதவுமாகக் கழிக்கரையிற் காட்சியளித்தது. பஸ்தகியா வணிகர் அனைவரும் முத்து வணிகரல்லர். துணி, அரிசி, நறுமணப் பொருள் ஆகியவற்றை வாங்கி விற்றவரே பலர். ஆயின் முத்து வருவாயின்றி அத்துணியையும் அரிசியையும் ஊரில் வாங்குவோர் இருந்திரார்.

இந்தியத் தொடர்பும் இங்கு மறக்கற்பாலதன்று. சிந்துப் பகுதியின் தட்டா நகரிலிருந்து வந்த பாட்டியா வணிகர் கழிக்கரையிற் கடைகொண்டிருந்தனர். முத்துகளின் பெருஞ்சந்தை பம்பாய். 1909இல் தொடங்கிய டுபாயின் முதல் அஞ்சலகம் இந்திய அஞ்சல் நிருவாகத்தைச் சேர்ந்தது. இந்திய ரூபாவும், 1959இன் பின் அதன் வேறுருவாகிய வளைகுடா ரூபாவும் 1966வரை நாணயமாக வழங்கின.

1929ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் யப்பானிய வளர்ப்பு முத்தும் ஒருசேர இம்மாளிகையின் அத்திவாரத்தைத் தகர்த்தன. முத்தின் விலை வீழ்ந்தது. முன்பணம் கொடுப்பார் இல்லை. கடன் மட்டும் நின்றது. வணிகர் சிலரும் வறியராயினர். இந்நெருக்கடியின் நடுவே 1938 ஒக்ரோபரில், பெரும்பாலும் தெய்ராவைச் சேர்ந்த பிரமுகர்கள் ஆட்சியாளர் ஷேக் சயீதை வற்புறுத்திப் பதினைந்து பேர் கொண்ட மஜ்லிஸ் ஒன்றை நிறுவினர். வருவாயில் எட்டிலொரு பங்கே ஆட்சியாளருக்கு, எஞ்சியது அவையின் பொறுப்பில் என்பது அவர்களது கோரிக்கை. சுங்கத்தை ஒழுங்குபடுத்தவும் பள்ளிகளை நடத்தவும் முற்பட்ட அவ்வவை 1939 மார்ச்சில் ஆயுத வலிமையாற் கலைக்கப்பட்டது. ஆட்சியாளரின் மைந்தர் றாஷிதின் திருமண நாளிலே, தெய்ராவில், அந்நிகழ்ச்சி நடந்தேறியது. அரை ஆண்டே நிலைத்த அம்முயற்சியை வளைகுடாவின் அரசியல் வரலாறு எழுதுவோர் ஒதுக்கிவிட முடியாது. 1937இலேயே விமானத் தங்குமிட உடன்படிக்கையும் எண்ணெய் ஆராய்வு உரிமையும் ஆட்சியாளருக்கு வணிகரைச் சாராத வருவாயைக் கொடுக்கத் தொடங்கியிருந்தன என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், அவை எழுந்தமைக்கும் வீழ்ந்தமைக்கும் ஒரே காரணம் புலப்படும்.

அடுத்த மாற்றங்கள் விரைவானவை. 1958இல் ஆட்சிக்கு வந்த ஷேக் றாஷித், மணல் தூர்ந்துவந்த கழியைக் கடன் பெற்று 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆழப்படுத்தினார். எண்ணெய் 1966இலேதான் கண்டுபிடிக்கப்பட்டது, 1969இல் ஏற்றுமதியாயிற்று. கழியைத் தோண்டியது எண்ணெய்ப் பணமன்று. 1971இல் ஐக்கிய அரபு இராச்சியம் உருவாயிற்று. அதே ஆண்டிற் பழைய கோட்டை நூதனசாலையாயிற்று. மின்சாரமும் குளிரூட்டியும் மோட்டார் வண்டியும் வந்தபின், வண்டி நுழையமுடியாத சந்துகளில் வாழ எவரும் விரும்பவில்லை. பஸ்தகியாக் குடும்பங்கள் புறநகரின் புதிய மனைகளுக்குப் பெயர்ந்தன. ஓலைவீடுகள் தீயாலும் சீமெந்துக் கல்லின் வருகையாலும் சுவடின்றி மறைந்தன.

வெறுமையான கல்வீடுகள் பண்டசாலைகளாயின. வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் சேர்ந்து வாடகைக்குத் தங்கும் விடுதிகளாயின. புதிய நகரைக் கட்டியெழுப்ப வந்த தென்னாசியத் தொழிலாளரே அக்காலத்தில் இம்முற்றங்களிற் சமைத்து உண்டு உறங்கினர். முன்பணம் பெற்றுக் கடலேறிய குளிகாரனைப் போலவே, முகவருக்குக் கொடுத்த கடனோடு வந்திறங்கிய தொழிலாளியும் முதற் சில ஆண்டு உழைப்பைக் கடன் தீர்க்கவே செலவிட்டான். 1970களின் பிற்பகுதி முதல் இலங்கையின் ஊர்களும் இத்தொடர்பிற் பங்காளிகளாயின. வீட்டின் வரலாற்றிலே இது ஒரு முழு அத்தியாயம். ஆயினும் பழைமை பேணுவோர் இதனைச் சீரழிவுக் காலம் என்றே கணக்கிடுவர்.

1980களிற் குடியிருப்பின் ஏறத்தாழப் பாதி, ஆட்சியாளர் அலுவலகத்தின் புதிய கட்டடத்துக்காக இடிக்கப்பட்டது. எஞ்சியதையும் அகற்றத் திட்டமிருந்தது. அங்கு ஒரு வீட்டிற் குடியிருந்து அதனைத் திருத்திவந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ரெய்னர் ஒட்டர் இதற்கெதிராகக் குரலெழுப்பி, அக்காலத்தில் இளவரசராயிருந்த சாள்ஸுக்கும் எழுதினார். 1989இல் டுபாய்க்கு வந்த சாள்ஸ் அச்சந்துகளைச் சுற்றிப்பார்த்து, பேணப்படவேண்டுமெனக் கருத்துரைத்தார், இடிப்பு நின்றது. நகரசபை 1990களில் வரலாற்றுக் கட்டடங்களுக்கெனத் தனிப் பிரிவு அமைத்து மீட்டெடுப்பை மேற்கொண்டது. அப்பணியின் தொழில்திறனைக் குறைகூற இடமில்லை. ஆயின் மீட்கப்பட்ட வீடுகள் காட்சிக்கூடங்களும் உணவகங்களும் விடுதிகளுமாயின. குடும்பம் எதுவும் திரும்பிவரவில்லை. ஷிந்தகாவிலோ, இடிந்தழிந்த பல வீடுகள் பழைய அடித்தளங்களின்மீது புதிதாகவே எழுப்பப்பட்டன. கழிக்கரையை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கவேண்டுமென்ற வேண்டுகோள் 2014ஆம் ஆண்டுக் கூட்டத்தில் நிறைவேறவில்லை.

2012ஆம் ஆண்டளவில் இடத்தின் பெயரும் மாறிற்று. கோட்டையின் பெயர் குடியிருப்புக்கு வழங்கலாயிற்று. மாற்றத்தின் நோக்கம் எதுவாயினும், எதிர்க்கரை ஊரொன்றின் பெயர் வரைபடத்திலிருந்து நீங்கியது. கல்வீட்டில் வாழ்ந்தோரின் நினைவும் இவ்வாறு முழுமையாகக் காக்கப்படவில்லை. வீடு நின்றது, வந்த வழி மங்கியது. ஓலைவீட்டாரின் நிலை அதனினும் மோசம். அவர்களை நினைவூட்ட மாதிரி ஓலைக்குடில்களை அமைத்துக் காட்டலாம். குளிகாரனின் வீரத்தைப் பொம்மைகள்கொண்டு காட்டலாம். முன்பணக் கணக்கைப் பொம்மைகொண்டு காட்டல் எளிதன்று.

எளிதன்றெனினும் இயலாததன்று. வளைகுடாவின் மற்றொரு நகராகிய தோகாவிலே, பழைய நகர்ப்பகுதியான முஷைரிபில், பின் ஜல்மூத் என்னும் வீடு 2015இல் அடிமைமுறையின் வரலாற்றைக் கூறும் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. ஒரு வீடே பேசத் தொடங்கியது எனலாம். அங்கும் வீடு கல்வீடுதான்.

டுபாயின் குளிகாரருக்கோ வேறொரு வகைச் சான்று எஞ்சியுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், உரிமையாளரிடமிருந்து தப்பிய அடிமைகள் சார்ஜா, பஹ்ரெய்ன், மஸ்கற் ஆகிய இடங்களிலிருந்த பிரித்தானிய முகவரகங்களை அடைந்து விடுதலைச் சீட்டு வேண்டினர். அவர்களின் வாக்குமூலங்கள் நூற்றுக்கணக்கில் இலண்டனில் இந்திய அலுவலகப் பதிவேடுகளில் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பக்கமளவினது: பெயர், வயது, பிறந்த ஊர், பிடிக்கப்பட்ட விதம், விற்கப்பட்ட ஊர்கள், குளித்த பருவங்கள், அடிபட்ட விவரம். எழுத்தர் கேட்டு எழுதியவையாதலின் வாய்பாடு போன்ற தொடர்கள் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவ்வாய்பாட்டைக் கடந்து ஆங்காங்கே ஒரு தாயின் பெயரும், ஒரு தம்பியின் பெயரும் தென்படுகின்றன. இக்கரையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1963இல். அவ்வாண்டு கழியின் இரு கரைகளையும் இணைக்கும் முதற் பாலத்தில் வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன.